ஏலத்தில் வந்த ரம்பத்துக்கு நான் வைத்த நான்கு பெயர்கள்

அந்த மிஷினில் எனக்குப் புரியாத சமாச்சாரங்கள் ஐந்து இருந்தன. அவற்றில் நான்குக்கு ஒரே காலையில் பெயர் வைத்துவிட்டேன். நான்கும் தப்பு. ஐந்தாவதுக்குப் பெயர் வைக்காமல் விட்டதற்குக் காரணம் அடக்கம் இல்லை. அதற்குள் டீ வந்துவிட்டது.

மெயின்டனன்ஸ் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். ஓய்வு பெற்றவன் எழுதினால் நேரம் தவறாமை, சுத்தம், பாதுகாப்பு என்று மூன்று பக்கம் வரும் என எதிர்பார்த்திருப்பார்கள். அதெல்லாம் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறது, கேன்டீனுக்குப் போகிற வழியில் படித்துக்கொள்ளுங்கள். நான் எழுதப்போவது ஒரு பொய்யைப் பற்றி. ஒரே ஒரு வார்த்தைப் பொய். 'தெரியும்.'

எழுபதுகளின் கடைசி அது. தோலைப் பதம்போட்டு அப்படியே கப்பலேற்றிக்கொண்டிருந்த முதலாளிகள், ஷூவின் மேல்பாகத்தை இங்கேயே வெட்டித் தைத்து அனுப்பினால் என்ன என்று யோசிக்க ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் முதலாளியும் யோசித்தார். ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், ரோட்டை ஒட்டி ஒரு நீளமான ஷெட். உள்ளே ஒரு பக்கம் கட்டர்கள் எட்டு பேர், மறுபக்கம் தையல் மிஷின் வரிசை, மூலையில் நானும் ஃபிட்டர் கரீமும். கரீமுக்கு என் வயசுதான். எல்லாவற்றையும் ஸ்பேனரால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பேசுவான். நான் திமிரியிலிருந்து வந்தவன். அப்பா அம்மா இரண்டு பேரும் டீச்சர். மெக்கானிக்கல் டிப்ளமா முடித்த கையோடு வேலை. ஆறு மாதம் தற்காலிகம், அதன் பிறகுதான் நிரந்தரம். அப்போது நான்காவது மாதம் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குள் அந்த ஃபேக்டரியில் என் பெயர் 'டிப்ளமா' என்று ஆகிவிட்டது. மரியாதையாகச் சொல்கிறார்கள் என்றுதான் முதல் இரண்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை, மெட்ராஸ் துறைமுக ஏலத்தில் எடுத்ததாக ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது. கரீம் கடப்பாரையால் பெட்டியைப் பிளந்தான். உள்ளே பச்சைப் பெயின்ட் அடித்த வார்ப்பிரும்பு மிஷின். யானைத் தும்பிக்கை மாதிரி நீளமான ஒரு கை, கையின் நுனியிலிருந்து கீழே இருக்கும் சின்ன மேஜைக்குள் இறங்கும் ஒரு கம்பி, பக்கத்தில் மோட்டார். பெயர்த்தகடு தேய்ந்து வழவழவென்று இருந்தது. குறிப்புப் புத்தகம் கிடையாது. எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிய ஒரு பொட்டலம் மட்டும் கூட வந்தது. அதில் நூல் மாதிரி மெல்லிசான ரம்பத் தகடுகள், மொத்தம் பன்னிரண்டு.

முதலாளி அதை ஒரு சுற்று சுற்றி வந்தார். வெள்ளை ஜிப்பா, கையில் கட்டிய கைக்குட்டை. தாடியைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"இது தெரியுமா உனக்கு?"

"தெரியும் சார். ஸ்க்ரோல் சா. படிக்கும்போதே ஓட்டியிருக்கேன்."

"ஸ்க்ரோல்..." என்றார். ஒரு விநாடி நின்றார். "ஆங், சா. அதேதான்."

"மெல்லிசு ரம்பம் சார். மேலயும் கீழயும் ஆடும். எப்படி வளைச்சாலும் வெட்டும். நம்ம பேட்டர்னெல்லாம் இதுலயே வெட்டிடலாம்."

"அதுக்குத்தானே எடுத்தேன்" என்றார் முதலாளி.

இந்த உரையாடலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருந்த விஷயம் பத்து நாள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

உண்மை என்னவென்றால், அந்த மிஷினை நான் ஒரு பாடப்புத்தகத்தில், கால் பக்கப் படமாகப் பார்த்திருந்தேன். அந்தப் பக்கத்தைப் புரட்டியதே அடுத்த பக்கத்து லேத்துக்காகத்தான். லேத் பரீட்சையில் வரும், இது வராது.

பேட்டர்ன் என்றால் என்னவென்று உங்களில் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர். அப்போது ஷூவின் ஒவ்வொரு துண்டுக்கும் கெட்டி ஃபைபர் அட்டையில் ஒரு அளவு வெட்டி வைத்திருப்போம். கட்டர் அதைத் தோல் மேல் வைத்து, ஓரத்தை ஒட்டியே கத்தியை ஓட்டுவார். எட்டு கட்டர் என்றால் ஒரே துண்டுக்கு எட்டு அட்டை, எட்டும் அச்சுப் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். நேர்க்கோடு ஓரமென்றால் பிரச்சினையில்லை. அந்த முறை ஜெர்மனிக்காரர் ஒருவர் அனுப்பிய சாம்பிள், பெண்களுக்கான வெல்வெட் மாதிரித் தோல் ஷூ, ஓரம் முழுக்கச் சின்னச் சின்னப் பூவிதழ் வளைவு. இடது கால் ஷூ ஒன்றே ஒன்றுதான் அனுப்பியிருந்தார். அந்த இதழ்களைக் கையால் அட்டையில் வெட்டினால் எட்டு அட்டையும் எட்டு விதமாக வரும்.

"அடுத்த வாரம் வியாழக்கிழமை அவரு வர்றாரு" என்றார் முதலாளி. "எல்லா சைஸுக்கும் பேட்டர்ன் மேஜை மேல இருக்கணும். இருந்தா அன்னிக்கே நீ பர்மனென்ட்." பிறகு வாசல் பக்கம், ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்த்தார். "இல்லன்னா, திமிரிக்கு எந்த பஸ்ஸுன்னு உனக்கே தெரியும்."

சரி, பெயர் வைத்த கதைக்கு வருவோம்.

மறுநாள் காலை கரீமும் நானும் மிஷின் முன்னால் நின்றோம். தையல் பிரிவு சூப்பர்வைசர் சலோமி அக்காவும் வந்து நின்றார். அவருக்கு அங்கே வேலை எதுவும் கிடையாது. வேடிக்கைதான். முப்பது வயசு, ஆம்பூர் சர்ச்சில் கோரஸ் பாடுகிறவர், அந்தக் குரலிலேயே எங்களைக் கிண்டல் செய்வார்.

"இன்னா டிப்ளமா, காலேஜ்ல ஓட்டினதாமே. எங்க, ஒவ்வொண்ணா சொல்லு பாக்கலாம்."

கையின் மேலே ஒரு லீவர் இருந்தது. "இது வேகம் கூட்டுறதுக்கு" என்றேன்.

கம்பியின் பக்கத்தில், மேஜைக்கு மேலே, கவட்டை மாதிரி இரண்டு விரல் உள்ள ஒரு இரும்புத் துண்டு தொங்கியது. "இது பார்சல் கிளிப்பு. கப்பல்ல ஆடாம இருக்கப் போட்டது. கழட்டிடலாம்." கரீம் ஸ்பேனரால் ஒருமுறை தட்டிவிட்டுக் கழற்றிப் பழைய இரும்பு டப்பாவில் போட்டான்.

கம்பிக்கு அருகே வாயை வைத்துக்கொண்டு ஒரு பித்தளைக் குழாய். அதிலிருந்து ரப்பர் டியூப் போய், மேஜைக்கு அடியில் கைப்பிடி அளவு ஒரு தோல் துருத்தியில் முடிந்தது. மிஷின் ஆடினால் துருத்தி அமுங்கி எழும்பும். தோல் வெடித்துக் கிழிந்திருந்தது. இங்கேதான் என் அறிவு உச்சத்துக்குப் போனது. எங்கள் தையல் மிஷின்களில் கெட்டித் தோல் தைக்கும்போது ஊசி சூடாகும். அதனால் நூலுக்கு எண்ணெய் ஊட்ட ஒரு சின்னக் கிண்ணம் வைத்திருப்பார்கள். "அதே மாதிரிதான் இது. ரம்பத்துக்கு ஆயில் போடுற பம்ப்" என்றேன்.

"சபாஷ்" என்றான் கரீம்.

மேஜையின் அடியில் கோடு கோடாக டிகிரி போட்ட பட்டை, நடுவில் ஜீரோ, ஒரு முள். "இது தெரிஞ்சதுதான். மேஜையைச் சாய்க்கலாம். நேரா வெட்டணும்னா ஜீரோ." ஏளனமாகச் சொல்லிவிட்டு முள்ளை ஜீரோவில் வைத்து முடுக்கினேன்.

மோட்டார் பக்கத்திலிருந்து விரல் நீளத்துக்கு மரை போட்ட ஒரு முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எதனோடும் சேரவில்லை. "இது..." என்று ஆரம்பித்தேன். டீ வந்தது.

அன்று மதியம் முதல் ஓட்டம். வேக லீவரை, புது மிஷினாயிற்றே என்று, மெதுவாக ஓடுகிற பக்கம் தளர்த்தி வைத்தேன். மிஷினோடு வந்த தேய்ந்த கம்பியைக் கழற்றிவிட்டு, புது ரம்பத் தகடு ஒன்றைப் பல் மேலே பார்த்து இருக்கும்படி மாட்டினேன். வெட்டுத்தூள் மேலே வந்தால்தானே கண்ணுக்குத் தெரியும்! சுவிட்சைப் போட்டதும் அட்டை மேஜை மேல் குதித்தது. குதித்தது என்றால் சாதாரணக் குதியல் இல்லை. தடதடதடவென்று அடித்து என் விரலைத் தட்டி, ரம்பத் தகட்டை டப்பென்று இரண்டாக உடைத்து, சலோமி அக்காவின் மேஜை வரை போய் விழுந்தது.

"உன் மிஷின் எங்க செக்ஷனுக்கு லெட்டர் போடுது" என்றார் அக்கா.

மெதுவாக ஓடுகிறது என்று நினைத்தேன். அது கொஞ்சமும் மெதுவாக இல்லை. தகடுதான் தொளதொளவென்று இருந்தது. அதை நான் கவனிக்கவில்லை. பெயர் வைத்துவிட்ட பொருளை யார் மறுபடியும் கவனிக்கிறார்கள்? புதன்கிழமைக்குள் ஐந்து தகடு உடைந்தது. "சரக்கு மட்டம்" என்றேன். வெள்ளிக்கிழமை ஏழாவது. "கப்பல்ல உப்புக்காத்து பட்டுருக்கும்" என்றேன். கரீம் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினான். என்னைவிட அவன்தான் அந்த டிப்ளமாவை நம்பினான்.

சனிக்கிழமை முதலாளி பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். நான் மிச்சமிருந்த ஐந்து தகடுகளை மறுபடியும் எண்ணிப் பார்த்தேன். ஆனால் கரீம் உற்சாகமாக இருந்தான். "தோஸ்த், ஆயில் பம்ப்தான் இன்னும் மாட்டல. அதனாலதான் தகடு சூடாகி உடையுது. துருத்தியை நான் பாத்துக்கறேன். தோல் வேலைன்னா நம்மகிட்டயா?" எங்கள் கிடங்கிலேயே உசத்தியான லைனிங் ஆட்டுத்தோலில், நாலு பக்கமும் பசை போட்டு, தையல் போட்டு, உலகத்திலேயே அழகான ஒரு துருத்தியைச் செய்துவிட்டான். உள்ளே மிஷின் ஆயிலை நிரப்பினோம். அந்த மிஷினில் எங்களுக்கு உண்மையாகவே தெரிந்த ஒரே பொருள் அந்தத் தோல்தான். அதைக் கொண்டுதான் மாட்டிக்கொண்டோம்.

முதலாளி வந்தார். வளைவை ஒத்துப் பார்ப்பதற்காக ஜெர்மனிக்காரரின் அந்த ஒற்றை ஷூவையும் கையில் எடுத்து வந்து, குனிந்து, மேஜைக்கு மிக அருகில் நின்றார்.

சுவிட்சைப் போட்டேன்.

துருத்தி பிரமாதமாக வேலை செய்தது. பித்தளைக் குழாய் நிமிஷத்துக்கு எத்தனை தடவை என்று எண்ண முடியாத வேகத்தில் பிச்சுக் பிச்சுக் என்று அடித்தது. முதல் நாலு அடி ஜிப்பாவில். அதன் பிறகு தாடியில். கடைசியாக, எல்லோரும் கத்தியதில் அவர் கையைத் தூக்கித் தடுக்கப் போக, கையில் இருந்த ஷூவில். வெல்வெட் மாதிரித் தோல் எண்ணெயை எப்படிக் குடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இதழ் வளைவின் மேலேயே, ரூபாய்க் காசு அளவுக்குக் கறுப்பாக ஒரு வட்டம்.

முதலாளி தாடியிலிருந்து ஆயிலைத் துடைத்தார்.

"காலேஜ்ல இப்டிதான் ஓட்டினீங்களா?" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

சலோமி அக்கா மட்டும் அசைந்தார். ஷூவைப் பிடுங்கிக்கொண்டு போய், தன் கைப்பையிலிருந்து முகப் பவுடர் டப்பாவை எடுத்து, மூடியைத் திறந்து, பாதி டப்பாவை அப்படியே அந்த வட்டத்தின் மேல் கொட்டினார். "ஒருத்தரும் தேய்க்காதீங்க. தேய்ச்சா போச்சு. திங்கக்கெழம வரைக்கும் இது இப்டியே தூங்கட்டும். பவுடர் குடிச்சுடும்." என் பக்கம் திரும்பினார். "டிப்ளமா, புது டப்பா நீதான் வாங்கித் தரணும். நல்ல வாசனையா பாத்து."

அன்று சாப்பாட்டு நேரத்தில் நான் சாப்பிடவில்லை. திமிரி பஸ்ஸை நினைத்துக்கொண்டு மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அக்கா வந்து எதையோ என் மடியில் போட்டார். அந்தக் கவட்டைத் துண்டு. என் பார்சல் கிளிப்பு.

"பழைய இரும்புல கெடந்துது. எடுத்துட்டுப் போய் பேப்பர் பறக்காம வச்சிருந்தேன். நீ இதப் பாரு. அடிப்பக்கம்."

பார்த்தேன்.

"பார்சல் கட்டுறதுக்குப் போட்டதுன்னா, அடியில எதுக்குடா இவ்ளோ பளபளப்பு? என் மிஷினுக்கு வா, ஊசிப் பக்கத்துல தோலை அமுக்கிப் புடிக்கிற கால் இருக்குதுல்ல, அதோட அடியைத் திருப்பிப் பாரு. இதே மாதிரிதான் இருக்கும். வருஷக்கணக்கா எதையோ அமுக்கி அமுக்கித் தேஞ்சிருக்குது இது."

"அப்ப ஏன்க்கா அன்னிக்கே சொல்லல?"

"கேட்டியா நீ? எல்லாம் தெரியும்ன. ஓட்டினவன்கிட்ட நான் இன்னாத்த சொல்றது?"

என் வேலை வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே குருவை அந்த நிமிஷத்தில்தான் சந்தித்தேன். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. பெயர் தெரியாது, எந்த நாட்டுக்காரர் என்றும் தெரியாது. எங்களுக்கு முன்னால் அந்த மிஷினை ஓட்டியவர். புத்தகம் எதுவும் அவர் அனுப்பி வைக்கவில்லை. ஆனால் தொட்ட இடத்தையெல்லாம் தேய்த்துவிட்டுப் போயிருந்தார்.

துணியை எடுத்து மிஷினைத் துடைக்க ஆரம்பித்தேன். மேலே இருந்த லீவரில் கட்டைவிரல் படும் இடத்தில் பச்சைப் பெயின்ட் சுத்தமாக இல்லை, இரும்பு மின்னியது. வேகத்தை ஒருவர் இத்தனை தடவையா மாற்றுவார்? ஒவ்வொரு தடவை தகடு மாட்டும்போதும் தொட்டிருக்கிறார். லீவரை இழுத்தேன். தொளதொளத்த தகடு வீணைக் கம்பி மாதிரி விறைத்து நின்றது. விரலால் சுண்டினால் 'டிங்' என்றது. கரீம் கழற்றிப் போட்டிருந்த, எங்கள் ஆயில் படாத பழைய துருத்தியை எடுத்து, கிழிசலில் ஈர்க்குச்சியை விட்டுத் துழாவினேன். பொடிப்பொடியாகக் காய்ந்த மரத்தூள் வந்தது. பழைய எண்ணெய்ப் பிசுக்கு ஒரு துளி இல்லை. அதில் எண்ணெய் ஓடினதே கிடையாது. காற்று ஓடியிருக்கிறது. வெட்டுகிற கோட்டை மறைக்கும் தூளை ஊதித் தள்ளுகிற வாய் அந்தப் பித்தளைக் குழாய். முதலாளியின் தாடியில் ஆயில் ஊதுவதற்காக அதை யாரும் கண்டுபிடிக்கவில்லை.

மேலே பார்த்த பல்தான் அட்டையைத் தூக்கித் தூக்கி அடித்திருக்கிறது; பல்லைக் கீழே பார்க்கத் திருப்பி மாட்டினேன். அமுக்கும் காலைப் போட்டேன். கரீம் ஆயில் துருத்தியைத் தூக்கிப் போட்டுவிட்டு, மனசு ஒடிந்தவனாக இன்னொன்று தைத்தான். திங்கட்கிழமை காலை சுவிட்சைப் போட்டேன். அட்டை மேஜையோடு ஒட்டிக்கொண்டு, சின்னக் காற்று 'உஸ் உஸ்' என்று தூளை ஊத, இதழ் இதழாக வளைந்து வந்தது. கரீம் என்னைத் தூக்கிச் சுற்றினான். ஷூவைப் பார்த்தோம். பவுடர் எண்ணெயைக் குடித்து மஞ்சளாகக் கட்டியாகியிருந்தது. பிரஷ் போட்டதும் வட்டம் போய்விட்டது. ஷூ மட்டும் கல்யாண வீடு மாதிரி மணந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். மூன்று தப்பைத் திருத்திக்கொண்டவனுக்கு வருகிற கர்வம் இருக்கிறதே, அது முதல் பொய்யைவிட மோசம்.

எட்டு அட்டையை ஒன்றாக அடுக்கி, ஆணி அடித்து, ஒரே வெட்டில் எட்டு பேட்டர்ன் எடுத்தேன். செவ்வாய் சாயங்காலம் சலோமி அக்கா அதில் ஒரு ஜோடி வெட்டித் தைக்கச் சொன்னார். இடது கால் அடுக்கின் மேல் அட்டையில், வலது கால் கடைசி அட்டையில். புதன் காலை இரண்டையும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"இது ஜோடி இல்ல டிப்ளமா. அண்ணன் தம்பி."

வலது கால் சின்னது. ஒரு நெல் மணி அளவுதான், ஆனால் சின்னது. மேல் அட்டையைக் கடைசி அட்டை மேல் வைத்துப் பார்த்தேன். சுற்றிலும் ஓரம் தெரிந்தது. கீழே போகப் போக அட்டை சுருங்கியிருந்தது. ரம்பம் சாய்வாக வெட்டியிருக்கிறது! ஆனால் முள் ஜீரோவில்தான் நின்றது. அச்சடித்த ஜீரோ. தொழிற்சாலையில் அடித்து அனுப்பிய ஜீரோ. அதை எப்படிச் சந்தேகப்படுவது?

மறுநாள் வெள்ளைக்காரர் வருகிறார். இரண்டு நாள் வெட்டியதில் இன்னும் இரண்டு தேய்ந்துபோய், மிச்சம் மூன்று தகடு.

தரையில் படுத்து, கரீமின் டார்ச்சை வாங்கி, டிகிரிப் பட்டையைப் பார்த்தேன். ஜீரோவுக்கு இடதுபக்கம், இரண்டு கோடு தள்ளி, ஊசியால் கீறிய மாதிரி மெல்லிசாக ஒரு கோடு. அச்சுக் கோடு இல்லை. கையால் போட்டது. ஒருமுறை போட்டது அழிந்து, மறுபடியும் அதே இடத்தில் போட்டிருக்கிறார். இரண்டு தடவை கீற வேண்டுமென்றால் அந்த மனுஷனுக்கு அது எவ்வளவு முக்கியமாக இருந்திருக்கும்! முள்ளை அந்தக் கீறலில் நிறுத்தினேன். மேஜை மேல், செங்கோணம் பார்க்கிற மூலைமட்டத்தை வைத்து, தகட்டை ஒட்டிப் பார்த்தேன். நூல் பிடித்த மாதிரி நேர். ஜீரோவில் வைத்துப் பார்த்தேன். சாய்வு. ஏன் அப்படி என்று தெரியவில்லை. எங்கேயோ விழுந்து முள் வளைந்திருக்கலாம். மூலைமட்டம் பத்து நாளாக என் டூல் பெட்டியில்தான் கிடந்தது. எடுக்கத் தோன்றவில்லை. தெரிந்த விஷயமாயிற்றே!

அன்று முழுக்கப் பழைய அடுக்கையெல்லாம் குப்பையில் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டினோம். இரண்டு தகடு போயிற்று. வியாழக்கிழமைக்கு ஒன்று மிஞ்சியது.

ஜெர்மனிக்காரர் உயரமானவர், அதிகம் பேசாதவர். ஷூவை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார், புருவத்தைத் தூக்கினார், திரும்ப வைத்துவிட்டார். சலோமி அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்ததாக ஜெர்மனிக்காரர், வெட்டிக் காட்டும்படி சைகை செய்தார். புது அடுக்கை எடுத்து மேஜையில் வைத்தேன். அவர் குனிந்து பட்டையைப் பார்த்தார். முள்ளைத் தொட்டுக் காட்டி, இது ஜீரோவில் இல்லையே என்றார்.

முதலாளி முகம் மாறியது. "என்னப்பா இது, ஜீரோவுல வை! சீக்கிரம்!"

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். ஒரு பக்கம் முதலாளி, ஒரு பக்கம் ஆர்டர் கொடுக்கிறவர், இரண்டு பேரும் அச்சடித்ததைக் காட்டுகிறார்கள். என் பக்கம் இருப்பது, பெயர் தெரியாத ஒருவர் கீறிய கோடு. ஜீரோவில் வைத்தால் எல்லோருக்கும் அந்த நிமிஷம் திருப்தி. ஐந்து நிமிஷம் கழித்து அண்ணன் தம்பி.

"வைக்க மாட்டேன் சார்" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே ஆச்சரியம். மூலைமட்டத்தை எடுத்து ஜெர்மனிக்காரர் கையிலேயே கொடுத்தேன். அவரே வைத்துப் பார்த்தார். ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். முள்ளை அவரே ஜீரோவுக்கு நகர்த்திப் பார்த்தார். திரும்பக் கீறலுக்குக் கொண்டுவந்தார்.

ஏன் இப்படி என்று கேட்டார்.

பத்து நாளாக நான் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை வெளியே வந்தது. "தெரியாது. எங்களுக்கு முன்னாடி ஓட்டினவருக்குத் தெரிஞ்சிருக்கு. நான் அவரு போட்ட கோட்டை நம்பறேன்."

முதலாளி அதை இங்கிலீஷில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் என்னைப் பார்த்து நிறுத்தி, மறுபடியும் சொன்னார். வெட்டினேன். தகடு உடையவில்லை. ஜெர்மனிக்காரர் மேல் அட்டையையும் கடைசி அட்டையையும் சேர்த்துப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். எந்தப் பக்கமும் வெளிச்சம் கசியவில்லை. தலையை ஆட்டினார். பிறகு மோட்டார் பக்கம் நீட்டிக்கொண்டிருந்த அந்த ஐந்தாவது முனையைத் தட்டி, இது எதற்கு என்று கேட்டார்.

"தெரியாது" என்றேன். இரண்டாவது தடவை சுலபமாக வந்தது.

அவர் தோளைக் குலுக்கிவிட்டு, தனக்கும் தெரியாது என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தோம்.

கார் போனதும் முதலாளி என்னை மிஷின் பக்கம் கூப்பிட்டார். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"காலேஜ்ல ஓட்டினேன்னது?"

"பொய் சார்."

"ம்." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "ஏலத்துல தூரத்துலருந்து பாத்தேன். நீளக் கை, கீழ ஊசி, பக்கத்துல அமுக்குற கால். நீளக் கை தையல் மிஷினு, கம்மியில வருதேன்னு கையத் தூக்கிட்டேன். பெட்டி ஒடச்சதும்தான் பாத்தேன், ஊசிக்குப் பல்லு இருந்துது. போட்ட பணம் போச்சேன்னு பேஜார். உன்னைக் கேட்டா நீ தெரியும்ன. அப்பதான் எனக்கு மூச்சே வந்துது. நீ தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானும் தெரியாதுன்னு சொல்லியிருப்பேன். அப்டியே திருப்பி வித்திருப்போம்."

மிஷினின் அந்த நீளக் கையை ஒருமுறை தட்டிக்கொடுத்தார்.

"நாளைக்கு வந்து ஆர்டர் வாங்கிக்கோ" என்றார். "பர்மனென்ட் ஆர்டர். சலோமி கிட்ட சொல்லாத இத."

சொல்லவில்லை. அவர்தான் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

நண்பர்களே, பழைய மிஷின் கைக்கு வந்தால் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். பெயர் வைப்பதற்கு முன்னால் அடியைத் திருப்பிப் பாருங்கள். இதுதான் எனக்குக் கிடைத்த பாடம். ஆனால் இதையும் ரொம்ப நம்பிவிடாதீர்கள். காரணம் சொல்கிறேன்.

அந்த ஐந்தாவது முனையை நான் அப்புறம் நன்றாகச் சோதித்தேன். மரை முழுக்கப் பெயின்ட் அப்படியே இருந்தது, ஒரு கீறல் கிடையாது. என் குருவும் அதைத் தொட்டதில்லை. அவருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதில் எனக்கு ரொம்ப நிம்மதி. அடுத்த வாரத்திலிருந்து சலோமி அக்கா தன் கைப்பையைக் கொண்டுவந்து அதில் மாட்ட ஆரம்பித்தார், பவுடர் டப்பாவைப் பக்கத்திலேயே வைத்திருப்பது நல்லது என்று. மிஷின் ஓடாத நேரமெல்லாம் பை அதில்தான் தொங்கும். வருஷக்கணக்காக. எண்பதுகளின் பாதியில் அந்த மிஷினைத் துடைத்துப் பெட்டியில் போட்டு விற்றபோது பார்த்தேன். பை வார் உரசி உரசி அந்த முனை வெள்ளி மாதிரி மின்னியது.

இந்நேரம் எங்கேயோ, புதிதாகச் சேர்ந்த ஒரு சுறுசுறுப்பான ஆள் அந்த மிஷின் முன்னால் குனிந்து நின்று, தேய்மானத்தை விரலால் தடவிப் பார்த்து, முதலாளியிடம் அடித்துச் சொல்லியிருப்பான்:

"தெரியும் சார். இது பை மாட்டறதுக்கு."